ஸ்ரௌவ்வில் வீட்டுக்கு ஒரு பசு

ரொறன்ரோவில் நான் பார்த்த முதலாவது பசு ஒரு பால் பையில் அச்சிடப்பட்டிருந்தது. இந்த நகரத்தில் பாலைப் பிளாஸ்ரிக் பையில் விற்கிறார்கள். பையை ஒரு குவளைக்குள் இறக்கி, மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஊற்றுகிறார்கள். பார்க்டேலில், பதினான்காம் மாடி அப்பார்ட்மென்ரில், என் அக்கா புவனேஸ்வரி அப்படி ஊற்றிய பாலில் தேநீர் போட்டு என் கையில் தந்தார். நான் ஒரு வாய் குடிக்கும் வரைகூட அவர் பொறுக்கவில்லை.

"தம்பி, நீ பேப்பர்காரன். நாலு இடத்தில விசாரிக்கத் தெரிஞ்சவன். எனக்கு ஒரு பசுமாடு வேணும்."

அக்காவும் அத்தானும் வீடு வாங்கியிருந்தார்கள். மார்க்கம் நகரத்துக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில் பக்கம், சோள வயல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த புது வீடுகளில் ஒன்று. அந்த நாட்களில் அவ்வளவு வடக்கே போன தமிழர் சொற்பம். அத்தானோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், இரவில் கரடி வந்து கதவைத் தட்டும் என்று பகிடி பண்ணியிருக்கிறார்கள். ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் குடிபூரலுக்கு, புது வீடு புகும் சடங்குக்கு, நாள் வைத்திருந்தார்கள். அதற்காகவே கொழும்பில் செய்தி மேசையிலிருந்து லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அக்கா என்னிடம் கருவாடு கேட்பார், மிளகாய்த்தூள் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் பெட்டியில் இருந்தன. பசு இருக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் புது வீட்டுக்குள் முதலில் போவது மனிதர் அல்ல. பசுவும் கன்றும் படியேறி உள்ளே போகவேண்டும். அதற்குப் பிறகே வீட்டுக்காரர் போய்ப் பால் காய்ச்சிப் பொங்கவிடுவார்கள். ரொறன்ரோத் தமிழர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஒரு பசுவின் படத்தை, அல்லது உள்ளங்கை அளவு வெள்ளிப் பசுவைத் தட்டில் வைத்து முன்னே கொண்டுபோவது. ஐயரும் அதுவே போதும் என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் போதுமாயிருந்தது, அக்காவைத் தவிர.

ஊரில் அவர்கள் கட்டிய வீட்டுக்குக் குடிபோனது ஷெல் சத்தத்துக்கு நடுவில். மாட்டைப் பிறகு கொண்டுவரலாம் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் 'பிறகு' வரவில்லை. சுவரில் சுண்ணாம்பு காய முதல் வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தது. இரண்டையும் அக்கா தொடர்புபடுத்தி வைத்திருந்தார். அது சரியா பிழையா என்று அவரோடு வாதாட யாருக்கும் துணிவில்லை. போதாக்குறைக்கு, கடைக்காரர் இலவசமாக இறக்கித் தருகிறார்கள் என்பதற்காக அத்தான் பெரிய ரீவி ஒன்றைப் புது வீட்டுக்கே நேராக அனுப்பியிருந்தார்.

"ரீவி போய்க் குடியிருக்குது. நான் வெளியில நிக்கிறன்," என்றார் அக்கா. "மாடு ஏறாமல் நான் அந்தப் படி ஏறமாட்டன்."

அத்தான் என்னை மெதுவாகப் பல்கனிக்குக் கூட்டிப்போனார். கீழே ஏரியும் நெடுஞ்சாலையும் ஒரே வெயிலில் மின்னின. "மச்சான், மாதக் கடைசியில இந்த அப்பார்ட்மென்ரைத் திருப்பிக் குடுக்கவேணும். உன்ர அக்கா படி ஏறாட்டி நான் ஆரோட போய் இருக்கிறது? ரீவியோடயோ?"

சனிக்கிழமை என்னை ஷொப்பிங் மோலுக்குக் கூட்டிப்போனார்கள். அதைப் பற்றி அலட்சியமாக எழுதலாம் என்று நினைத்துத்தான் போனேன். முடியவில்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே உயிருள்ள மரங்கள் நின்றன, அவற்றில் குருவிகளும் இருந்தன. சுப்பர்மார்க்கெற்றில் தயிருக்கு மட்டும் என் வெள்ளவத்தை வீட்டின் நீளத்துக்கு ஒரு குளிர்த்தட்டு ஓடியது. தள்ளுவண்டியோடு ஒரு கிழவி அதன் முன்னால் நின்று, பூசையறையில் நிற்பவர் போல, வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

அந்தக் கட்டடம் முழுக்கப் பசுக்கள். தயிர் மூடியில் பசு, சொக்லேற்றில் பசு, சுவர்க் கடிகாரத்தில் பசு, குழந்தையின் கழுத்துத் துணியில் பசு. விளையாட்டுப் பொருள் கடையில் வாலை அழுத்தினால் கத்தும் பிளாஸ்ரிக் பசு ஒன்றை அத்தான் கையில் எடுத்தார். எடுத்ததைத் திருப்பி வைக்கவில்லை. அக்காவின் மகள் தர்ஷினிக்குப் பதினைந்து வயது. இங்கே வளர்ந்தவள். அவள் வாலை அழுத்திப் பார்த்துவிட்டுத் தாயிடம், "அம்மா, திஸ் இஸ் பெற்றர். இது கார்ப்பெற்றில ஒண்டும் செய்யாது," என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் அந்தப் பிள்ளைதான் உருப்படியான தகவல் ஒன்றைத் தந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை நகரத்துக்கு வெளியே கூட்டிப்போனார்களாம். குதிரை வண்டியில் போகிற, கறுப்புத் தொப்பி போட்ட மனிதர்களின் பண்ணைகள். அங்கே உண்மையான மாடுகள் நின்றனவாம். "தே ஆர் வெரி றிலிஜியஸ், அம்மா. உங்களைப் போல."

அந்தக் கடைசிச் சொற்கள் அத்தானுக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தன. பக்திமான்கள் என்றால் பசுவைக் கும்பிடக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்தானே என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அத்தானுக்கு வேலை இல்லாத நாள். நானும் அக்காவும் அவரும் புறப்பட்டோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் நிலம் மாறியது. ஆளுயரச் சோளம், வெட்டி உருட்டிய வைக்கோல், வெள்ளை அடித்த வீடுகள். விளம்பரப் பலகைகள் இல்லை என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. காலை முழுவதும் காது இரைந்துகொண்டிருந்து திடீரென்று நின்றதைப் போல இருந்தது.

பிறகு எங்களுக்கு முன்னால் ஒரு குதிரை வண்டி வந்தது. கறுப்பு நிறம், கூரை போட்டது, பின்னால் ஒரு செம்மஞ்சள் முக்கோணம். குதிரை ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம். வீதி ஒடுங்கியது. எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அத்தான் பொறுத்தார், பெருமூச்சு விட்டார், கடைசியில் ஹோர்னை அடித்தார். குதிரை காதை மட்டும் பின்னுக்கு மடித்தது. வண்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, அமைதியாக, முன்னால் போங்கள் என்று காட்டியது. முன்னால் போக இடம் இருக்கவில்லை.

அந்த வண்டி ஒரு பண்ணைப் பாதைக்குள் திரும்பியது. பாதையின் வாயிலில் ஒரு பலகை: முட்டை, உருளைக்கிழங்கு, தேன். அதற்குக் கீழே சற்றுப் பெரிய எழுத்தில், ஞாயிறு விற்பனை இல்லை. தர்ஷினி அடையாளம் சொல்லி அனுப்பிய பண்ணை அதுதான். நாங்கள் ஹோர்ன் அடித்த மனிதரின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தோம்.

அவர் இறங்கி, குதிரையை அவிழ்த்தபடி எங்களைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். மீசை இல்லை. கறுப்புக் கோட்டு, அதன் கைகள் வெயிலில் வெளுத்திருந்தன. பெயர் அமோஸ் என்றார். கூட வந்த மனைவி லிடியா. தேவாலயக் கூட்டம் முடிந்து வருகிறார்கள்.

"அவசரமாக எங்கேயோ போகிறீர்கள் போலிருந்தது," என்றார் அமோஸ்.

"இங்கேதான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். சிரிப்பு கண்ணில் மட்டும் வந்தது.

மெனோனைற் என்கிற கிறிஸ்தவர்களில் பழைய ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் பிரிவினர் இவர்கள். இவர்களின் முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து வண்டிகளில் வந்து இந்த நிலத்தைத் திருத்தியவர்கள். வீட்டில் ஒருவகை ஜெர்மன் மொழி பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்தபின் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பிடப் போவது அவர்களின் வழக்கம். படலைக்குள் வந்தவர் யாராயிருந்தாலும் அவருக்கும் ஒரு கோப்பை உண்டு. அப்படித்தான், வியாபாரம் பேச வந்த நாங்கள் விருந்தினராக மேசையில் இருந்தோம்.

எனக்கு அந்த அறை நன்றாக நினைவிருக்கிறது. நீண்ட மேசை, உட்கார வாங்குகள், அடுப்பு, கடிகாரம், படமில்லாத கலண்டர். குப்பிவிளக்கை எதிர்பார்த்துப் போன எனக்கு மின்விளக்கு ஏமாற்றமாக இருந்தது. சுவரில் தொலைபேசிகூட இருந்தது. ரீவி, ரேடியோ இல்லை. கார் இல்லை. கண்ணாடி யன்னலுக்கு வெளியே ஒரு பூந்தோட்டம், அதற்கப்பால் வயல். பார்ப்பதற்கு அது இருந்தது.

சாப்பிட முதல் எல்லாரும் தலை குனிந்தார்கள். வாய் விட்டு ஒருவரும் பிரார்த்திக்கவில்லை. கடிகாரம் மட்டும் கேட்டது. பிறகு முதல்நாளே செய்து வைத்த இறைச்சி, வெண்ணெய் பூசிய சோளக்கதிர், புளிக்காடியில் ஊறவிட்ட பீற்றூட், உருளைக்கிழங்கு, இரண்டு வகைப் பழப் பணியாரம். குடிபூரல் வரை அக்கா மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை. அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. லிடியா இறைச்சித் தட்டை ஒருமுறை நீட்டினார், அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினார், அதற்குப் பிறகு அவர் பக்கம் சோளக்கதிர்தான் வந்தது. அக்கா நான்காவதைக் கடித்துக்கொண்டிருந்தபோது, "இவை நல்ல சனம்," என்று என்னிடம் சொன்னார்.

தொலைபேசி இருக்கலாம், ரீவி கூடாது என்றால் கணக்கு எப்படி என்று அமோஸிடம் கேட்டேன். அவர் ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்தார்.

"நாங்கள் ஒன்றையும் வெறுப்பதில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்போம். இது உள்ளே வந்தால் யார் வெளியே போவார்கள் என்று பார்ப்போம். எல்லாருமாக இருந்து பார்ப்போம். சிலவற்றுக்கு வருடக்கணக்கில் எடுக்கும்."

அவர் என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்களோ? வாசலில நிப்பாட்டி வைப்பினமாம்."

அத்தான் பீற்றூட்டில் மும்முரமானார்.

சாப்பிட்டு முடிந்தபின்னும் அவர்கள் தலை குனிவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. மேசை அமைதியானதும், இதுதான் பேசுவதற்குத் தக்க நேரம் என்று அத்தான் எண்ணிவிட்டார். தொண்டையைச் செருமினார். "எக்ஸ்கியூஸ் மீ, சேர். அபௌட் த கௌ."

ஒருவரும் நிமிரவில்லை. நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். பிரார்த்தனை தன்பாட்டில் முடிந்தது. அமோஸ் கண்ணைத் திறந்து கேட்டார்:

"மாட்டுக்குச் சுகமில்லையா? அதென்றால் இன்றைக்கும் பேசலாம்."

இல்லை, ஒரு ஏற்பாட்டு விஷயம் என்றேன். அப்படியென்றால் கிழமை நாளில் வாருங்கள் என்றார். புறப்படும்போது லிடியா ஒரு பை நிறையச் சோளக்கதிர் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார். அத்தான் பணப்பையை எடுத்தார். லிடியா அவசரமாகப் பின்வாங்கினார், சூடான சட்டியைத் தொட்டவர் போல.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பதினாறு வழிகளில் கார்கள் ஓடுகிற அந்த 401-இல் நாங்களும் ஒன்றானோம். அவ்வளவு வேகம், அவ்வளவு ஒழுங்கு, ஒருவரும் ஒருவரையும் பார்க்காமல். அதுவும் பெரிய காட்சிதான். காலையில் அதைப் பார்த்து வியந்தவன் மாலையில் வேறொன்றையும் சேர்த்துப் பார்த்தேன்: எங்கள் காரில் ஒருவரும் பேசவில்லை. அக்கா மடியில் இருந்த சோளக்கதிரின் நாரை உரித்துக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை அத்தான் வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு வேலை. நாங்கள் இருவரும் போனோம். அத்தான் எல்லாம் திட்டமிட்டிருந்தார்: வாடகை லொறி, படியில் வைக்கப் பலகை, கார்ப்பெற்றுக்கு மேலே பிளாஸ்ரிக் விரிப்பு. கன்று போட்ட பசுவாக இருக்கவேண்டும். உள்ளே போய்ச் சமையலறை வரை நடந்து திரும்பினால் போதும்.

அமோஸ் மாட்டுக் கொட்டில் வாசலில் நின்று முழுக்கக் கேட்டார். கறுப்பும் வெள்ளையுமான பெரிய மாடுகள் அவருக்குப் பின்னால் அசைபோட்டன. நிலம் வழுக்குமா, எத்தனை படி, எவ்வளவு தூரம் லொறியில் நிற்கவேண்டும் என்று தொழில் தெரிந்தவராகக் கேள்விகள் கேட்டார். அத்தான் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார், காரியம் முடிந்தது என்கிற மாதிரி.

"ஏன் அது முதலில் போகவேண்டும்?" என்றார் அமோஸ்.

விளக்கினேன். பசு எங்களுக்குத் தாய் மாதிரி, இலட்சுமி அதில் இருக்கிறாள் என்று நம்புகிறோம், பொட்டு வைத்து மாலை போட்டுக் கும்பிடுவோம் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திரும்பி மாடுகளைப் பார்த்தார்.

"என்னால் முடியாது," என்றார்.

அத்தான் வாடகையைக் கூட்டிச் சொன்னார். அமோஸ் தலையசைத்தார். அத்தான் இன்னும் கூட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"தொகை குறைவு என்று நான் சொல்லவில்லை," என்றார் அமோஸ். குரல் உயரவில்லை. "படம் எடுக்க மாடு கேட்டு வருபவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டு கொடுத்திருக்கிறேன். நீங்கள் பிரார்த்தனைக்குக் கேட்கிறீர்கள். என் பிரார்த்தனை வேறிடத்துக்குப் போகிறது. உங்களுடையதை நான் வாடகைக்கு விட முடியாது."

அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. பக்தியுள்ள மனிதன் சந்தோஷமாகச் சம்மதிப்பான் என்பது எங்கள் கணக்கு. பக்தியுள்ளவன் என்பதாலேயே மறுப்பான் என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லிடியா உடுப்புக் கொடியிலிருந்து வந்தார். அக்கா ஏன் வரவில்லை, வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். ஸ்ரௌவ்வில் பக்கம் என்றதும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். எந்த வீதி? அத்தான் சொன்னார். வீதி சற்று வளையும் இடத்தில் வரிசையாக மேப்பிள் மரங்கள் நிற்கின்றனவா? நிற்கின்றன. பக்கத்தில் ஒரு சிற்றோடை? இப்போது குளம் மாதிரிக் கட்டியிருக்கிறார்கள்.

லிடியா தன் கணவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு எங்களிடம் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்.

"அது என் பெரியப்பாவின் பண்ணையாக இருக்கவேண்டும். பிள்ளைகள் இல்லாதபடியால் விற்றுவிட்டார். சின்ன வயதில் கோடை முழுக்க அங்கேதான் இருப்பேன். மரவரிசைக்குக் கீழே மேய்ச்சல் நிலம். மாடுகள் காலையும் மாலையும் ஓடைக்கு ஒரே தடத்தில் போகும். அந்தத் தடம் வாய்க்கால் மாதிரிப் பள்ளமாகியிருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்."

அத்தான் நன்றி சொன்னார். காருக்குள் ஏறியதும், "மாட்டைத் தரேல்ல, கதை ஒண்டு தந்து அனுப்பிப்போட்டினம்," என்றார். பின்சீற்றில் மோலில் வாங்கிய பிளாஸ்ரிக் பசு கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஒருமுறை கத்தியது.

அன்று மாலை அக்கா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் என்ன நடந்தது என்று கேட்டார். அத்தான் குளியலறைக்குள் போய்விட்டார். நான் செய்தி சொல்வது போல ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் அமோஸ் சொன்னதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"காசு கூட்டிக் கேட்டும் மாட்டன் எண்டவரோ?"

"ஓம்."

"படம் எடுக்கக் கேட்டால் குடுப்பாராம். கும்பிடக் கேட்டால் குடுக்கமாட்டாராம்."

"ஓம் அக்கா."

அவர் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். "அப்ப அந்த மனிசனுக்கு விளங்கியிருக்கு. இஞ்ச எல்லாரும் எனக்குப் பொம்மை தாறன், படம் தாறன் எண்டு நிண்டவை. ஒருத்தருக்கும் நான் என்ன கேக்கிறன் எண்டு விளங்கேல்ல. அவருக்குத்தான் விளங்கியிருக்கு."

லிடியா சொன்னதையும் சொன்னேன். தடம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தெரியாததை விட்டுவிட என் தொழில் பழக்கவில்லை. வியாழக்கிழமை அத்தான் வேலைக்குப் போகும் வழியில் என்னை அந்த வீட்டடியில் இறக்கிவிட்டார். புதுத் தெருக்களுக்கு அங்கே இல்லாமல் போனவற்றின் பெயர்களையே வைத்திருந்தார்கள்: ஒன்று பழத்தோட்டம், ஒன்று புல்வெளி, ஒன்று ஓடைக்கரை. வீடுகள் ஒன்றுபோல ஒன்று, இரண்டு கார் நிற்கும் கராஜ் முன்னுக்கு, மனிதர் போகும் வாசல் பக்கத்தில் ஒதுங்கி. ஆனாலும் அழகாக இருந்தன. பார்க்டேலில் லிப்ற்றுக்குக் காத்து நின்ற ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் எனக்குத் தெரிந்தது.

மேப்பிள் வரிசை நின்றது. மரத்தடியில் வயலிலிருந்து பொறுக்கிக் குவித்த கற்கள் கிடந்தன. அங்கிருந்து நிலம் சரிந்து அந்தக் குளத்துக்கு இறங்கியது. மரத்திலிருந்து நீருக்கு நேர்கோடு போட்டால் அது அக்காவின் வீட்டுப் பின்வளவை வெட்டிக்கொண்டு போகும். பின்வளவில் இன்னும் புல் போடவில்லை. வெறும் மண். பக்கத்து வீட்டில் புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டி லொறியில் கொண்டுவந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறியபோது துருப்பிடித்த முட்கம்பித் துண்டு ஒன்று வந்தது. அச்சில் போட இது போதாது. என் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன்: மரம் உண்டு, கல் உண்டு, கம்பி உண்டு, தடம் இப்போது தெரியாது.

அன்றிரவு மழை பெய்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வீட்டு வாசலில் நின்றோம். ஐயர் வந்து இறங்கியதும், உள்ளே போனவுடன் புகை மணியின் பற்றரியைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் ஓமத்துக்குத் தீயணைப்பு வண்டி வரும் என்று அத்தானுக்கு நினைவூட்டினார். அனுபவசாலி. கதவு திறந்திருந்தது. வாசலிலிருந்து சமையலறை வரை வெண்ணெய் நிறக் கார்ப்பெற்றுக்கு மேலே அத்தான் பிளாஸ்ரிக் பாதை ஒன்று ஒட்டியிருந்தார். அதன் முடிவில், சுவரோடு, பெரிய ரீவியின் கறுத்த முகம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கும்பத்தோடு படிக்குக் கீழே நின்றார். ஏறவில்லை. அத்தானின் கை பிளாஸ்ரிக் பசு இருந்த பையில் இருந்தது. ஐயர் தம்முடைய துணிப்பையிலிருந்து ஒரு பித்தளைப் பசுவை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"யோசிக்காதேங்கோ அம்மா. நான் கொண்டுவந்திருக்கிறன். இதை முன்னுக்கு விடுவம்."

"வேண்டாம் ஐயா," என்றார் அக்கா. "மாடு முதலே வந்திட்டுது. நாங்கள்தான் பிந்திப்போனம்."

கும்பத்தைத் தர்ஷினியிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டால் பின்வளவுக்குப் போனார். நான் மூலையில் நின்று பார்த்தேன். மழையில் ஊறிய அந்த மண்ணில், மேப்பிள் வரிசைக்கு முதுகைக் காட்டி, குளத்தைப் பார்த்து, அவர் மெதுவாக நடந்தார். ஒரு இடத்தில் குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கணுக்கால் வரை சேறு.

அப்படியே திரும்பி வந்து, கும்பத்தை வாங்கி, வலது காலை எடுத்து வைத்துப் படியேறினார். அத்தான் ஒட்டிய பிளாஸ்ரிக்கில் அவர் கால் படவில்லை. அதற்குப் பக்கத்தில், கார்ப்பெற்றில், ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றுத் தடங்கள் விழுந்தன. ரீவியைத் தாண்டிச் சமையலறை வரை போய் நின்றன.

"ஓ மை கோட், அம்மா," என்றாள் தர்ஷினி. ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

ஐயர் அத்தானைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கார்ப்பெற் நிறத்தை அவர் மூன்று கடை ஏறி இறங்கித் தெரிவு செய்தவர். வாசலில் நின்று தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பையைக் காருக்குள் வைத்துவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து, சொக்ஸைக் கழற்றத் தொடங்கினார்.

"எந்தப் பக்கத்தால மச்சான் மாடு போனது?" என்றார்.

கையைக் காட்டினேன்.